டிராக்டர் டாப்புக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தடுப்பு

ஐப்பசி மழையில் தாளடி நடவுக்குச் சேற்றுழவு ஓட்டும் டிராக்டர் ஓட்டுநர் படும் பாட்டைக் காவிரிப் பாசனப் பகுதி உழவர்கள் நன்கு அறிவார்கள். தலைக்கு மேல் டாப் இருக்கிறது. ஆனால் சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது. கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு முதுகிலும் முகத்திலும் விழுகிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தை, மாசியில் அறுவடை முடிந்து பேலர் கொண்டு வைக்கோல் கட்டத் தொடங்கியதும் சேற்றின் இடத்தைத் தூசி பிடித்துக்கொள்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத் தட்டையையும் பருத்திமாரையும் தூளாக்கும் கருவியை ஓட்டுபவர்களுக்கு இவை இரண்டையும் விடப் பெரிய தொல்லை, பின்னாலிருந்து தெறிக்கும் கல்.

குளிர்சாதன வசதியுடன் முழுக் கேபின் வைத்த டிராக்டர்கள் இன்று கிடைக்கின்றன என்றாலும், சிறு உழவர் எட்டிப் பிடிக்கும் விலையில் அவை இல்லை. எனவே பலர் டாப்பைச் சுற்றிப் பழைய தார்ப்பாயையோ, திருமண வீட்டு பிளக்ஸ் பேனரையோ கட்டிக்கொள்கிறார்கள். சாரல் நிற்கிறது, கூடவே பார்வையும் நிற்கிறது. பின்னால் இணைக்கப்பட்ட கருவி தெரியாது, பக்கத்தில் வரப்பில் நிற்கும் ஆள் தெரியாது, விளையாடிக்கொண்டு வரும் குழந்தையும் தெரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. நல்ல வழக்கமே. ஆனால் தகட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் பொருத்துவதிலும் செய்யும் தவறுகளால் பணம் வீணாவது ஒரு புறம் இருக்க, ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து வரக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்று முறை மாற்றிய உழவர்

மன்னார்குடிப் பக்கம் 5 ஏக்கர் நஞ்சை வைத்துக்கொண்டு, மீதி நாட்களில் வாடகைக்கு உழவு ஓட்டும் உழவர் ஒருவர், முதலில் ஆட்டோவுக்கு மேல்துணி தைக்கும் கடையில் மென்மையான பி.வி.சி. ஷீட்டை வாங்கித் தைத்துக் கட்டினார். சுருட்டி வைக்கலாம், விலையும் குறைவு. மழைக்காலம் முழுவதும் குறையில்லை. சித்திரை வெயில் பட்டதும் அது தளர்ந்து தொங்கியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெண்கோடு ஓடியது. அடுத்த மழைக்கு முன்பே மஞ்சளித்து, பால் படிந்த கண்ணாடி போலாகிவிட்டது.

இரண்டாவது முறை, பெயர்ப்பலகை செய்யும் கடையிலிருந்து 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வாங்கிப் பொருத்தினார். பார்வைக்குக் கண்ணாடியே தோற்றது. தோப்பு ஓரமாகத் திரும்பும்போது ஒரு மூங்கில் கழி இடித்தது. தகடு கூர்முனையோடு நான்கைந்து துண்டுகளாக உடைந்து மடியில் விழுந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அவருடைய நல்ல காலம்.

மூன்றாவது முறைதான் பாலிகார்பனேட். அதையும் முதலில் சரியாகப் பொருத்தவில்லை என்பதைப் பின்னால் காணலாம்.

எது எப்படிப்பட்டது?

இந்த மூன்று பிளாஸ்டிக்குகளையும் கடையில் "கண்ணாடி ஷீட்" என்ற ஒரே பெயரில்தான் சொல்வார்கள். ஆனால் குணம் வேறு வேறு.

அக்ரிலிக் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 92 சதவீதத்தை உள்ளே விடுகிறது. வெயிலில் எளிதில் மஞ்சளிப்பதில்லை. மூன்றிலும் கீறலைச் சற்றுத் தாங்குவதும் இதுவே. குறை ஒன்றே ஒன்று: அடி பட்டால் உடையும்.

பாலிகார்பனேட் விடும் ஒளி 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடி தாங்கும் வலிமையில் சாதாரணக் கண்ணாடியைப் போல் 200 மடங்குக்கும் மேல் எனக் கணக்கிடப்படுகிறது. சுத்தியலால் தட்டினாலும் பள்ளம் விழுமே தவிர உடையாது. இதற்கு இரண்டு குறைகள். எளிதில் கீறல் விழும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை பெறும். இரண்டாவது குறையைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் தகட்டின் ஒரு பக்கத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் பூச்சு என்பது தகட்டின் மேல் ஒட்டியுள்ள காகிதத்தில் அல்லது படலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் வெளியே, வெயிலை நோக்கி இருக்க வேண்டும். படலத்தை உரித்துவிட்டால் எந்தப் பக்கம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடியும் வரை படலத்தை உரிக்கக்கூடாது என்பதற்கு இது முதற்காரணம். பூச்சே இல்லாத மலிவுத் தகடுகளும் சந்தையில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

கார் நிறுத்தும் கூரைக்குப் போடும் தகடும் பாலிகார்பனேட்தான். அதில் நடுவே குழல் குழலாக வெற்றிடம் விட்ட தகடு ஒரு வகை. ஒளி வரும், உருவம் தெரியாது. டிராக்டருக்கு அது உதவாது. கெட்டியான, வழவழப்பான தகட்டைத்தான் வாங்க வேண்டும்.

கடைக்காரர் தருவது அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்ற ஐயம் வந்தால் ஒரு விரல் அகல ஓரத்துண்டைக் கேட்டு வாங்கி, பட்டறை வைஸில் பிடித்து மடக்கிப் பார்க்கலாம். அக்ரிலிக் "டக்"கென்று ஒடியும். 2, 3 மி.மீ. பாலிகார்பனேட் தகரம் போல மடங்கும், ஒடியாது. கண்ணுக்கு அடிபடாதபடி துண்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு மடக்குவது நல்லது.

எடையும் கவனிக்க வேண்டியதே. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 3 மி.மீ. பாலிகார்பனேட் தகடு 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதே பரப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி போட்டால் 37 கிலோ. உள்ளூரில் செய்த டாப்பின் மெல்லிய குழாய்கள் அந்தப் பாரத்தை வயல் குலுக்கலில் வெகுநாள் தாங்கா.

எந்தப் பக்கத்துக்கு எது?

பின்பக்கம், பக்கவாட்டு ஆகிய மூன்றுக்கும் பூச்சுள்ள பாலிகார்பனேட் போதுமானது. 2 அடி சதுரம் வரையுள்ள தகட்டுக்கு 3 மி.மீ. கனம், அதற்கு மேல் 4 மி.மீ. என்று கொள்ளலாம். தட்டை தூளாக்கும் கருவி, ரோட்டவேட்டர் போன்றவற்றை ஓட்டுபவர்கள் பின்பக்கத்துக்கு 5 அல்லது 6 மி.மீ. போடுவது நல்லது. அதையும் கல்லை நிறுத்தும் கவசம் என்று நம்பிவிடக்கூடாது. காட்டு மரங்களை வெட்டித் தூளாக்கும் இயந்திரங்களின் கேபினுக்கு அரை அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள தகடுகளைப் போடுகிறார்கள் என்பதிலிருந்தே தெறிக்கும் கல்லின் வேகத்தை உணரலாம். கல்லை நிறுத்த வேண்டியது கருவியின் பின்புறமுள்ள மூடியும் தொங்கும் சங்கிலிகளும். மூடி அடிபட்டுக் கழன்றுபோனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. தகடு போட்ட தைரியத்தில் அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தன்னைத் தகடு காத்தாலும், வரப்பில் நிற்பவரை எது காக்கும்?

முன்பக்கம் தனியாக யோசிக்க வேண்டியது. பிளாஸ்டிக்கின் மேல் வைப்பர் ஓடினால், ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கிய மணல் ஒவ்வொரு வீச்சிலும் வில் போல ஒரு கீறல் போடும். ஒரு மழைக்காலத்தில் பார்வை மங்கிவிடும். வைப்பர் இல்லாவிட்டாலோ, மழைத்துளி அப்படியே நின்று எதிரே உள்ளதை மறைக்கும். ஆகவே முன்பக்கத்தை முழுதும் மூட விரும்புபவர்கள், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, வாகனக் கண்ணாடிக் கடையில் நடுவே படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி, வலுவான சட்டத்தில் வைப்பருடன் போடுவதே முறை. செலவு ஒத்துவராதவர்கள், ஓட்டுநரின் கண் மட்டத்துக்குக் கீழே மட்டும் தகடு வைத்து, பார்க்கும் இடத்தைத் திறந்தே விடலாம். மார்புக்கும் முழங்காலுக்கும் சாரல் படாது. கண்ணுக்கு முன் எதுவும் இருக்காது. மன்னார்குடி உழவர் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

கீறல் விழுந்த தகட்டின் தீமை பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும்போது எதிரே வரும் லாரியின் விளக்கொளி ஒவ்வொரு கீறலிலும் சிதறி, தகடு முழுவதும் ஒரே வெளிச்சமாகிவிடும். சாலையும் தெரியாது, ஓரத்தில் நடப்பவரும் தெரியார். இரவில் சாலைக்குப் போகுமுன் முன்தகட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

"அஞ்சு நிமிச வேலை"

மன்னார்குடி உழவரின் டிராக்டரில், தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த பாதுகாப்புச் சட்டம் இருந்தது. இருக்கைக்குப் பின்னால் இரண்டு தூண்களாக நின்று, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் இடம் விட்டுத் தாங்கும் அமைப்பு அது. பாலிகார்பனேட் தகட்டோடு பட்டறைக்குப் போனார்.

"அண்ணே, இந்தத் தூண்லயே ஆறு துளை போட்டு நட்டு முடுக்கிடலாம். அஞ்சு நிமிச வேலை" என்றார் பட்டறைக்காரர்.

"போடுப்பா. நாளைக்கு உழவு இருக்கு" என்றார் இவர்.

துளைகளும் போடப்பட்டன. அடுத்த சர்வீசுக்குப் போனபோது மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உயிரைக் காக்கிற கம்பியைச் சல்லடை ஆக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம்.

அவர் கேட்டதில் மிகையில்லை. பாதுகாப்புச் சட்டம் குறிப்பிட்ட பாரத்தைக் குறிப்பிட்ட விதத்தில் வளைந்து தாங்கும்படி சோதித்துச் செய்யப்படுவது. அதில் துளை போட்டாலும், பற்றவைத்தாலும் அந்த இடம் பலவீனமாகிவிடும். கவிழும் நேரத்தில் எங்கே முறியும் என்று எவராலும் சொல்ல முடியாது. துளையிட்ட சட்டத்தை மீண்டும் பற்றவைத்து அடைப்பது சரிசெய்வது ஆகாது. சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அந்த உழவருக்குத் தகட்டின் செலவை விட இந்தச் செலவே பெரிதாகிவிட்டது.

தகட்டைச் சட்டத்தில் மாட்ட வேண்டுமானால், தூணைச் சுற்றிப் பிடிக்கும் யு போல்ட் அல்லது கிளாம்ப் போட்டு, தூணுக்கும் அதற்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து முடுக்க வேண்டும். துளையிடுவதெல்லாம் கிளாம்பில் பிடித்த இரும்புப் பட்டையில்தான், தூணில் அல்ல. மட்கார்டில் நிற்கும் உள்ளூர் டாப் ஆனால் துளையிடலாம். ஆனால் அந்த டாப் வெயிலுக்கும் மழைக்கும்தான்; வண்டி கவிழ்ந்தால் அது தாங்காது. தகடு போட்டுக் கேபின் போல் தோன்றுவதால் அதற்குப் புது வலிமை வந்துவிடுவதில்லை.

வெளியேறும் வழி

டிராக்டர் விபத்துகளில் பலவும் வாய்க்கால் கரையிலும், கிணற்று மேட்டிலும், ஏற்றமான வரப்பைக் கடக்கும்போதும் நேர்கின்றன. வண்டி சாய்ந்து தண்ணீரில் விழுந்தால் ஓட்டுநர் வெளியே வர நொடிகளே இருக்கும். நான்கு பக்கமும் போல்ட் முடுக்கி மூடிய பாலிகார்பனேட் பெட்டிக்குள் அகப்பட்டவர் அதை உதைத்து உடைக்க முடியாது. உடையாது என்ற குணத்துக்காகத்தான் அதை வாங்கினோம் என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே இடப்பக்கம், ஏறி இறங்கும் வழியில் நிலையான தகடு எதுவும் வேண்டாம். அங்கே சாரலுக்குத் தடுப்பு வேண்டுமானால் மேலே மட்டும் பிடித்துத் தொங்கவிட்ட மென்மையான பி.வி.சி. திரை போதும், கையால் தள்ளினால் விலகிவிடும். இந்த ஓர் இடத்தில் பி.வி.சி.யே மற்ற இரண்டையும் விடச் சிறந்தது. இரண்டு பருவத்துக்கு ஒரு முறை மாற்ற நேர்ந்தாலும் பரவாயில்லை. பின்தகட்டை மேற்புறம் கீல் வைத்து, கீழ்ப்புறம் உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் கொக்கியில் மாட்டினால் அது இரண்டாவது வழியாகும். கருவியை இணைக்கும்போது தூக்கி வைத்துக்கொள்ளவும் ஆகும். கொக்கியில் பூட்டுப் போடுவதோ, கம்பியால் முறுக்கிக் கட்டுவதோ கூடாது.

அட்டையில் வெட்டி, பிறகு தகட்டில்

முதலில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டையை வெட்டிக் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டிய பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஹைட்ராலிக் நெம்புகோல், பி.டி.ஓ. நெம்புகோல் எல்லாம் முழு வீச்சுக்கும் போகின்றனவா, திரும்பிப் பார்த்தால் மூன்று இணைப்புப் புள்ளிகளும் தெரிகின்றனவா, டயரும் கேஜ் வீலும் சுழலும்போது உரசுமா என்பதைக் கவனிக்க வேண்டும். அட்டையில் நேர்ந்த தவறு காசில்லாத தவறு.

8 அடிக்கு 4 அடி முழுத் தகடு ஒன்று வாங்கினால் சிறு டிராக்டருக்குத் தாராளமாகப் போதும். 4 அடி அகலத்தில் முதல் 2 அடி நீளத்தில் மூன்றரை அடிக்கு 2 அடி பின்தகடு. அடுத்த இரண்டரை அடி நீளத்தில் 2 அடி அகலமுள்ள பக்கத் தகடுகள் அருகருகே இரண்டு. பக்கம் ஒன்றை மட்டும் மூடுபவர்களுக்கு இரண்டாவது, மாற்றுத் துண்டாக மிஞ்சும். அதை அடுத்த ஒன்றரை அடியில் முன்பக்கக் கீழ்த் தகடுகள் இரண்டு. இன்னும் 4 அடிக்கு 2 அடி மீதி இருக்கும். அதை வீட்டு உபயோகத்துக்கு எடுக்காமல் வைத்திருந்தால், முதலில் கீறல் விழுவது பின்தகடே ஆகையால், அதற்கு மாற்றாகும். வாள் தின்னும் அளவுக்கு ஒவ்வொரு வெட்டிலும் 2, 3 மி.மீ. விட்டுக் குறிக்க வேண்டும்.

நெருக்கமான பல்லுள்ள ஹேக்சா பிளேடால், தகட்டை மேசையோடு அசையாமல் பிடித்துக்கொண்டு, படலத்தின் மேலேயே வெட்டலாம். மூலைகளைக் கூராக விடாமல் ஓர் அங்குலம் வளைத்து வெட்ட வேண்டும். விரிசல் எப்போதும் கூர்மூலையிலும் கரடான ஓரத்திலும்தான் தொடங்கும். வெட்டிய ஓரத்தை அரத்தாலும் பிறகு உப்புத்தாளாலும் தேய்த்து வழவழப்பாக்கிவிட வேண்டும். துளையிடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, அழுத்தாமல், மெதுவாகச் சுழலவிட வேண்டும். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகித் துளையைச் சுற்றி இறுகும். ஓரத்துக்கும் துளைக்கும் இடையே துளையின் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் இருக்கட்டும்.

துளை பெரிதாக இருக்கட்டும்

வீட்டுக் கதவு, ஜன்னல் வேலையில் பழகிய கைகள் துளையையும் போல்ட்டையும் இறுக்கமாகப் பொருத்தவே விரும்பும். பிளாஸ்டிக் தகட்டில் அதுவே பெரிய தவறு. பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் வெயிலில் இரும்பைப் போல் ஐந்தாறு மடங்கு விரியக் கூடியவை. விடியற்காலை 22 டிகிரியில் இருந்த தகடு நண்பகல் வெயிலில் 60 டிகிரிக்கு ஏறினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டரை மி.மீ. நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அரை மி.மீ.கூட நீளாது. நீள இடம் இல்லாத தகடு நடுவில் புடைத்து நெளியும். இரவில் சுருங்கும்போது துளையைச் சுற்றி இழுபடும். நாள்தோறும் இப்படி நடந்தால் சில மாதங்களில் துளையிலிருந்து சிலந்தி வலை போல் விரிசல் ஓடும். அந்தத் தகட்டைப் பார்த்து "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவோர் பலர். சரக்கில் தவறில்லாமலும் இது நேரும்.

6 மி.மீ. போல்ட்டுக்கு 9 அல்லது 10 மி.மீ. துளை போட வேண்டும். இருபுறமும் அகலமான ரப்பர் வாஷர், அதன் மேல் இரும்பு வாஷர், பிறகு குலுக்கலில் கழலாத நைலாக் நட்டு. ரப்பர் லேசாக அமுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். மென்மையான பி.வி.சி. வாஷரைப் பாலிகார்பனேட்டுக்குப் போடக்கூடாது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் கசிந்து தகட்டில் நுண்விரிசலை உண்டாக்கும். இதைவிட நல்ல முறை, சட்டத்தில் அலுமினியச் சேனல் பொருத்தி, ரப்பர் பீடிங்கோடு தகட்டை அதில் செருகுவது. துளையே தேவையில்லை, கோடையில் உருவி வைத்துவிடலாம். மீட்டருக்கு 3 மி.மீ. வீதம் சேனலுக்குள் இடம் விட வேண்டும். சிலிக்கான் பசை பூசுவதானால் காடி நாற்றம் அடிக்காத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரப்பர் பட்டை இல்லாமல் தகட்டை நேராக இரும்பில் வைத்தால் அது பறை போல அதிரும். இன்ஜின் ஓசையோடு அந்த அதிர்வும் சேர்ந்து, திறந்த டிராக்டரை விட மூடிய டிராக்டரில் காதடைப்பு கூடிப்போவது இதனால்தான். புகைக்குழாய்க்கு அருகில் எந்தத் தகடும் வரக்கூடாது. அக்ரிலிக் தீப்பற்றி எரியும் பொருள் என்பதை வைக்கோல் வேலை செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளே சேரும் சூடு

பசுமைக்குடிலில் நாற்று விட்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒளி உள்ளே வரும். உண்டாகும் வெப்பம் வெளியே போகாது. இன்ஜினிலிருந்தும் கியர்பாக்சிலிருந்தும் எழும் சூடும் சேர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் நான்கு பக்கமும் மூடிய டிராக்டரில் இரண்டு மணி நேரம் உழுதால் ஓட்டுநருக்கு மயக்கம் வரலாம். வெப்பத் தாக்கமே ஏற்படலாம். தகடுகளின் மேல்விளிம்புக்கும் டாப்புக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடான காற்று ஏறி வெளியேறும். டாப்பின் மேற்பரப்புக்கு வெள்ளை வண்ணம் அடிப்பதும் உதவும். பங்குனி பிறந்ததும் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு, பேலர் ஓட்டும்போது பின்தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தூசிக்கு முகக்கவசம் அணிவதே ஏற்றது.

மருந்து தெளிக்கும்போது

தகடு போட்டபின் உழவர்களுக்கு ஏற்படும் தவறான எண்ணங்களில் மிகக் கொடியது, இனி முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் பூச்சிமருந்து தெளிக்கலாம் என்பது. தகடு நேராகத் தெறிக்கும் துளியைத் தடுக்கும்; காற்றில் மிதக்கும் நுண்திவலையையும் ஆவியையும் தடுக்காது. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று முன்னோக்கி இழுபடும். பின்னால் தெளித்த மருந்து, இடுக்கு வழியாக உள்ளே வந்து, திறந்த வண்டியில் கலைந்துபோவதற்கு மாறாக மூடிய இடத்தில் தங்கிவிடும். இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் படியும்; மறுநாள் வெறுங்கையால் அதைப் பிடிக்கும்போது தோல் வழியாக ஏறும். மருந்து தெளிப்புக்கென்று செய்யப்படும் கேபின்களில் கரி வடிப்பான் வழியாகக் காற்றைச் செலுத்தி, உள்ளே அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்திருப்பார்கள். பட்டறையில் பொருத்திய தகடுகள் அந்த வேலையைச் செய்யா. தெளிப்பு நாளில் பாதுகாப்பு உடை, முகக்கவசம் அனைத்தும் வழக்கம்போல வேண்டும். பக்கத் திரைகளைத் திறந்து கட்டிவிட்டு, காற்று வரும் திசையை அறிந்து ஓட்ட வேண்டும்.

தகட்டுக்கும் மருந்து ஆகாது. பால் போலக் கலங்கும் இ.சி. வகை மருந்துகளில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இருப்பதுண்டு. கலக்காத மருந்து அக்ரிலிக்கிலோ பாலிகார்பனேட்டிலோ பட்டு அப்படியே நின்றால் மேற்பரப்பில் நுண்விரிசல் விழுந்து வெளுத்துவிடும். தெளிப்பு முடிந்ததும் உள்ளும் புறமும் கழுவிவிட வேண்டும். கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரக்கூடாது.

விதி என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி வாகனங்களின் கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியோ பாதுகாப்பு கிளேசிங்கோ வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விவசாய டிராக்டருக்கு அதில் விலக்கு உண்டு. மூன்று சக்கர வண்டிகளின் ஜன்னலுக்கும், துணிக்கூரையும் பக்கத் திரையும் உள்ள வண்டிகளின் ஜன்னலுக்கும் அக்ரிலிக் அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் போடலாம் என்றும் இடமளிக்கிறது. காய்கறி ஏற்றும் சிறு லாரி வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. உடைந்த முன்கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக்கைச் செருகி ஓட்டுவது தண்டனைக்குரியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. வெயிலுக்கென்று கறுப்பு, நீல நிறத் தகடுகளை வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டாப்பையே மாற்றி நிரந்தரக் கேபினாகக் கட்ட எண்ணுபவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கழுவும் முறை

தூசி படிந்த தகட்டைக் காய்ந்த துணியாலோ, கண்ணாடிக்குச் செய்வது போல் செய்தித்தாளாலோ துடைக்கக்கூடாது. ஒரே துடைப்பில் நூறு கீறல் விழும். முதலில் வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலையும் சேற்றையும் வழியவிட வேண்டும். பிறகு சோப்பு கலந்த நீரில் நனைத்த பழைய பருத்தி வேட்டித் துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர். தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பொடி, பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. சலவைச் சோடாவும் பாலிகார்பனேட்டுக்குப் பகை. காய்ந்து இறுகிய சேற்றைச் சுரண்டாமல், நனைந்த சாக்கைச் சிறிது நேரம் மேலே போட்டு வைத்தால் தானே ஊறிக் கழன்றுவிடும்.

வேலை நாட்களில் வாரம் ஒரு முறை நட்டுகளைத் தொட்டுப் பார்த்து, துளைகளைச் சுற்றி விரிசல் உண்டா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். கழற்றிய தகடுகளைப் படுக்க வைத்து மேலே மூட்டை அடுக்காமல், நடுவே துணி கொடுத்து, நிழலில் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். எந்தத் தகடு எந்தப் பக்கம், எந்த முகம் வெளியே என்பதை ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டி எழுதி வைத்துவிட்டால் அடுத்த ஐப்பசியில் தடுமாற்றம் இராது.